எலுமிச்சைக்கு இலைவழிப் பொட்டாஷ்: சென்னைத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் எது ஒத்துவரும்?

உரக்கடையில் "எலுமிச்சைக்கு இலையில அடிக்கப் பொட்டாஷ் வேணும்" என்று கேட்டால், "எந்த நம்பர்?" என்று பதில் கேள்வி வரும். 13:0:45, 0:0:50, 0:52:34. மூன்றும் வெள்ளைப் பொடி, மூன்றும் ஒரு கிலோ பாக்கெட். பக்கத்திலேயே மூட்டையில் 0:0:60 இருக்கும். விலையும் குறைவு, எண்ணும் பெரிது. அதைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும்.

இலைக்குள் போகிற பொட்டாசியம் நான்கிலும் ஒன்றுதான். அதோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் வேறு. முதலாவதில் நைட்ரேட், இரண்டாவதில் சல்பேட், மூன்றாவதில் பாஸ்பேட், நான்காவதில் குளோரைடு. சென்னையின் உப்புத் தண்ணீர், கத்திரி வெயில், ஐப்பசி அடைமழை மூன்றுக்கும் நடுவே எலுமிச்சை வளர்ப்பவர் பார்க்க வேண்டியது பொட்டாஷின் அளவை அல்ல, இந்தக் கூட்டாளியை.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி: மரத்துக்கு உண்மையிலேயே பொட்டாஷ் போதவில்லையா? சென்னை மாடித்தோட்டங்களில் "பொட்டாஷ் குறை" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு உப்புக் கருகல்தான். இலை நுனி மட்டும் காய்ந்து, காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் நடுவில் கோடு போட்டதுபோல் எல்லை தெரிந்தால் அது பெரும்பாலும் குளோரைடு அல்லது சோடியம். அடி இலையில், காம்பருகே தலைகீழ் 'வி' வடிவத்தில் பச்சை நின்று மற்ற இடமெல்லாம் மஞ்சளானால் மெக்னீசியக் குறை. அதற்குப் பொட்டாஷ் அடித்தால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் பொட்டாசியம் ஏற ஏற மெக்னீசியம் உள்ளே வருவது குறையும். பொட்டாஷ் குறை இலையில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. காயில்தான் தெரியும்: காய் சிறுத்து, தோல் மெலிந்து வழவழவென்று இருக்கும், ஒரு மழை பெய்ததும் வெடிக்கும், பழுக்குமுன்னே கொட்டும்.

தென்னை நார்க்கழிவில் வைத்த தொட்டிகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நன்றாகக் கழுவாத நார்க்கழிவிலேயே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் கணிசமாக இருக்கும். புதுத் தொட்டியில் முதல் வருடம் இலைவழிப் பொட்டாஷ் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏக்கர் கணக்கில் வைத்திருப்பவர் இலைப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. காய் இல்லாத கிளையிலிருந்து 4 முதல் 6 மாத வயதுள்ள இலைகளைப் பறித்துக் கொடுக்க வேண்டும். உலர் எடையில் பொட்டாசியம் 1.2 முதல் 1.7 சதவீதம் இருந்தால் போதுமானது. 0.7-க்குக் கீழே என்றால் தெளிவான பற்றாக்குறை.

நான்கு பாக்கெட், ஒரே அளவுகோல்

பாக்கெட்டில் உள்ள மூன்றாவது எண், பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்ட சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் 13:0:45 கரைத்தால் 4.5 கிராம் பொட்டாஷ் கிடைக்கிறது. அதே 4.5 கிராமுக்கு 0:0:50 என்றால் 9 கிராம், 0:52:34 என்றால் 13 கிராம், 0:0:60 என்றால் ஏழரை கிராம் போதும். கணக்கில் மூட்டைப் பொட்டாஷ்தான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த ஏழரை கிராமில் சுமார் மூன்றரை கிராம் குளோரைடு இருக்கிறது.

இலை கருகுவதற்கு எது எவ்வளவு காரணமாகும் என்பதை உப்புக் குறியீடு ஓரளவு காட்டும். சோடியம் நைட்ரேட்டை 100 என்று வைத்துக்கொண்டால், மூட்டைப் பொட்டாஷ் 116, 13:0:45 சுமார் 74, 0:0:50 சுமார் 46, 0:52:34 வெறும் 8.

மூட்டைப் பொட்டாஷை நெல்லில் இலைவழி அடிப்பவர்கள் உண்டு, அது நெல். குளோரைடு தாங்காத மரங்களில் எலுமிச்சைக் குடும்பத்துக்கு முன்வரிசை இடம். இதற்கு மேல் சென்னைக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 84 சதவீதத்தைத் தாண்டினால் காய்ந்துபோன பொட்டாசியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் ஊரில் பல இரவுகள் அப்படித்தான். மாலையில் அடித்தது இலைமேல் காய்ந்து, நள்ளிரவில் கரைந்து, காலை வெயிலில் மறுபடி சுண்டி, மறுநாள் இரவு மீண்டும் கரையும். ஒரே தெளிப்பு இரண்டு மூன்று நாள் இலையைத் தின்னும். பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு அந்த எல்லை 92 சதவீதத்துக்கு மேல், சல்பேட்டுக்கு 97-ஐ ஒட்டி. ஆகவே மூட்டைப் பொட்டாஷை இலைக்கு வேண்டாம் என்று இங்கேயே ஒதுக்கிவிடலாம். மீஞ்சூர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் என்று ஏற்கெனவே கடல்நீர் கலந்த போர்த் தண்ணீர் பாய்கிற இடங்களில் மண்ணுக்கும் வேண்டாம்.

0:52:34 கருகலே ஏற்படுத்தாத சாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் மணிச்சத்து (பாஸ்பரஸ்). வருடா வருடம் எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் தின்ற தொட்டிக்கு இன்னும் மணிச்சத்து கேடு. துத்தநாகமும் இரும்பும் இலைக்கு ஏறாமல் தடுக்கும். விலையும் மற்ற இரண்டைவிட அதிகம். மொட்டு விடுவதற்கு முன்பு, மார்கழி கடைசியில், லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஒரு முறை அடிக்கலாம், அவ்வளவே. காய் பருக்க வைப்பதற்கு என்று இதை வாங்கினால் பொட்டாஷ் விலையில் மணிச்சத்தை வாங்கியதாகத்தான் ஆகும். இதைக் கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே வாளியில் கலந்தால் பால்போல் வெளுத்து அடியில் வண்டல் தங்கும், நாசில் அடைத்துக்கொள்ளும்.

மிஞ்சுவது இரண்டு. உண்மையான போட்டியும் இவை இரண்டுக்கும்தான்.

நைட்ரேட்டா, சல்பேட்டா?

13:0:45 என்பது நம் தாத்தா காலத்து வெடியுப்புதான், உரத்துக்காகத் தூய்மைப்படுத்தியது. நன்றாகக் கரையும், 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டரில் 300 கிராமுக்கு மேல். ஒரு லிட்டர் குவளையில் 100 கிராமைக் கொட்டிக் கலக்கினால் குவளை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்ததுபோல் சில்லென்று ஆகும். கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும் உப்பு அது. சில்லென்று ஆகவில்லை என்றால் பாக்கெட்டைச் சந்தேகப்படலாம். இதில் வரும் நைட்ரேட் பொட்டாசியத்தோடு சேர்ந்து இலைக்குள் போய், காய் வளரும் நேரத்தில் தழைச்சத்தாகவும் (நைட்ரஜன்) உதவுகிறது. மற்ற நீரில் கரையும் உரங்களோடு சண்டை போடாது.

0:0:50 இதைவிடச் சோம்பேறி. லிட்டருக்கு 110 கிராம்தான் எல்லை, அதுவும் பொறுமையாகக் கலக்கினால். 100 கிராமைக் கரைக்க மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்து, கால் மணி நேரம் கலக்கி, மல்துணியில் வடிகட்டி, அப்புறம்தான் டேங்கில் ஊற்ற வேண்டும். மண்ணுக்கு இடும் ரகமும் நீரில் கரையும் ரகமும் ஒரே எண்ணோடு விற்கின்றன. பாக்கெட்டில் 'நீரில் கரையும்' என்று இல்லாவிட்டால் ஒரு பங்கு மணல்போல் அடியில் நிற்கும். கூட வருவது 17.5 சதவீதம் கந்தகம். எலுமிச்சைக்கு அது வேண்டியதுதான். தழைச்சத்து துளியும் இல்லை.

இந்த 'துளியும் இல்லை' என்பதுதான் சென்னையில் இதற்குப் பெரிய பலம். ஆவணி, புரட்டாசியில் 13:0:45 அடித்தால் இரண்டு வாரத்தில் மரம் முழுக்கத் தளிர் விடும். பார்க்க அழகாக இருக்கும். அந்தத் தளிரைத் தேடி இலைச்சுரங்கப் பூச்சி வரும், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். பறவை எச்சம்போலக் கறுப்பு வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் புழு அதுதான். பூச்சி குடைந்த பாதை வழியே, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சொறி நோய்ப் பாக்டீரியா நுழையும். கார்த்திகையில் இலையிலும் காயிலும் கார்க் போன்ற பொருக்கு. குற்றம் மழைமேல் போகும். தொடங்கி வைத்ததோ புரட்டாசி நைட்ரேட்.

எனவே ஒரு பாக்கெட்டைத் தேர்ந்தெடுத்து வருடம் முழுக்க அடிப்பதைவிட, மாதத்துக்கு ஏற்ப மாற்றுவதே சரி.

எலுமிச்சை நம் பக்கம் வருடம் முழுவதும் ஆங்காங்கே பூக்கும். ஆனால் கனமாகப் பூப்பது தை, மாசியிலும், ஆனி ஆடியில் கோடை மழை விழுந்த பிறகும், மழைக்காலத் தொடக்கத்திலும். பூவிலிருந்து பறிப்புக்கு ஐந்து முதல் ஆறு மாதம். கோயம்பேட்டில் விலை உச்சத்துக்குப் போகும் பங்குனி, சித்திரைக் காய் வேண்டுமென்றால் ஐப்பசிப் பூவைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் காய் பெருக்கும் காலம் மார்கழி, தை, மாசி. இலைவழித் தெளிப்புக்கு இதைவிட நல்ல பருவம் சென்னையில் கிடையாது: காலை குளிர்ச்சி, இலையில் சொட்டு நெடுநேரம் ஈரமாக நிற்கும், மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். இங்கே 13:0:45 தைரியமாகப் போடலாம்.

பிஞ்சு மிளகளவு இருக்கும்போது லிட்டருக்கு 5 கிராம். சுண்டைக்காய் அளவானதும் 10 கிராம். அரை நெல்லிக்காயைத் தாண்டும்போது மறுபடி 10 கிராம். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 15 நாள். முதல் தெளிப்பு தோலின் கட்டுமானம் நடக்கும் நேரம். பின்னாளில் வெடிப்பைக் குறைப்பது அது. அடுத்த இரண்டும் உருவத்துக்கு. காய் முழு அளவை எட்டிய பிறகு அடிப்பது உரக்கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

தை, மாசிப் பூவின் காய் பங்குனி முதல் வைகாசி வரை பெருக்கும். அங்கே எதிரி வெயில். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிக்க வேண்டும். வெப்பம் 30-ஐ நெருங்கினால் நிறுத்திவிட வேண்டும். கத்திரியில் நைட்ரேட் என்றால் 5 கிராமைத் தாண்டக் கூடாது. சல்பேட் என்றால் 8 கிராம் வரை போகலாம். ஆடி தாண்டிப் புரட்டாசி வரை தேவைப்பட்டால் சல்பேட் மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் வேண்டாம். தெளித்த ஐந்தாறு மணி நேரத்துக்குள் மழை வந்தால் காசு சாக்கடையில்.

தண்ணீர்

இந்த விஷயத்தில்தான் சென்னைக்காரர் அதிகம் தவறுகிறார். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,500 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிராம், உள்ள போர்த் தண்ணீரில் உரத்தைக் கரைத்தால், அந்த ஒன்றரை கிராம் உப்பும் சேர்ந்துதான் இலைமேல் காய்கிறது. அதில் சோடியமும் குளோரைடும் கணிசம். மூட்டைப் பொட்டாஷைப் பயந்து ஒதுக்கிவிட்டு, வாளித் தண்ணீரின் வழியே அதே குளோரைடை உள்ளே விட்ட கதை. ஆர்.ஓ. கழிவு நீர் இதைவிட மோசம். அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தெளிப்புக்குத் தேவை கொஞ்சம் தண்ணீர்தான். ஐந்தடி உயரத் தொட்டி மரத்துக்கு முக்கால் லிட்டர் தாராளம். ஏ.சி. வெளியேற்றும் தண்ணீரை ஓர் இரவு வாளியில் பிடித்தால் நாலைந்து மரத்துக்குக் காணும். கிட்டத்தட்ட உப்பே இல்லாத நீர் அது. பிடித்து வைத்த மழைநீர் இன்னும் உத்தமம். லாரித் தண்ணீர்தான் கதி என்றால் 500 பி.பி.எம்.-க்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். உரம் கரைத்த பிறகு அந்த மீட்டரை விட்டுப் பார்க்க வேண்டாம், சில மீட்டர்களின் அளவுகோலைத் தாண்டிவிடலாம்.

அடிக்கும் முறை

எலுமிச்சை இலையின் மேற்புறம் மெழுகு. சுவாசத் துளைகள் அடிப்புறத்தில் மட்டும். ஆகவே நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். முற்றிய கரும்பச்சை இலை அதிகம் உறிஞ்சாது. முக்கால் வளர்ந்து இன்னும் மெத்தென்று இருக்கும் இலைதான் நன்றாக எடுத்துக்கொள்ளும். அதற்கும் இளசான செங்கொழுந்து கருகும். மரத்தில் எந்த இலை அதிகம் என்று பார்த்து நாளைக் குறிக்க வேண்டும்.

முந்தைய நாள் மாலை மரத்துக்குத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். வாடிய மரத்துக்கு அடித்தால் 5 கிராமிலும் கருகும். லிட்டருக்கு அரை மில்லி ஒட்டும் திரவம் போதும். சோப்பு நீரை ஊற்றினால் கடினத் தண்ணீரில் திரிந்து பிசுக்காக மிதக்கும். பனிபோல் தெளித்து, இலை பளபளவென்று நனைந்து சொட்டத் தொடங்கும் முன் நிறுத்த வேண்டும். இதைத் தவறவிடுபவர் அதிகம். சொட்டு இலை நுனியில் திரண்டு காய்ந்தால் மூன்றாம் நாள் நுனியில் பிறை வடிவக் கருகல் தெரியும். காயின் அடியில் தொங்கிக் காய்ந்தால் பழுப்பு வளையம் விழும். வீட்டுக்கு அது பாதகமில்லை, மண்டியில் காய் இரண்டாம் தரம். முதன்முறை அடிப்பவர் ஒரு கிளைக்கு மட்டும் அடித்து மூன்று நாள் காத்திருப்பது நல்லது.

சொறி நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பவர்கள் அதை இந்த உரங்களோடு கலக்க வேண்டாம். குறிப்பாக 0:52:34 கரைசல் புளிப்பானது; அதில் தாமிரம் அளவுக்கு மீறிக் கரைந்து இலையைச் சுடும். ஒரு வாரம் இடைவெளி விடலாம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம், பொட்டாஷ் தெளித்துப் பத்து நாள் கழித்து ஒரு முறை கொடுத்தால் மெக்னீசியம் பின்தங்காது.

வாழைப்பழத் தோல், சாம்பல்

மாடித்தோட்டக் குழுக்களில் தினமும் வரும் யோசனை என்பதால் கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்துத் தோல் சுமார் 400 கிராம். அதில் தண்ணீர் போக மிஞ்சுவது 50 கிராமை ஒட்டி. அதில் பொட்டாசியம் மூன்று நான்கு கிராம் இருக்கலாம், அத்தனையும் நீரில் இறங்கினால். 13:0:45 பத்து கிராமில் உள்ளதும் அவ்வளவே. தோல் ஊறிய தண்ணீரை மண்ணுக்கு ஊற்றுவதில் தவறில்லை. இலையில் தெளித்தால் அதன் சர்க்கரைக்கு எறும்பும் கரும்பூசணமும் வரும். விறகுச் சாம்பல் நீர் கடும் காரம். இலையில் படவே கூடாது.

மண்ணுக்கு இடுவதை நிறுத்திவிடலாமா?

கூடாது. நன்றாகக் காய்க்கும் ஆறு வயது மரத்துக்கு மண்வழிப் பரிந்துரை வருடத்துக்கு 300 கிராம் பொட்டாஷ், அதாவது 0:0:50 என்றால் 600 கிராம். அதே மரத்துக்கு 13:0:45-இன் 1 சதவீதக் கரைசல் 6 லிட்டர் அடித்தால் இலைமேல் விழுவது 27 கிராம். மூன்று முறைக்கு 81 கிராம். அதில் ஒரு பங்கு தரையில் சொட்டும், ஒரு பங்கு காய்ந்து உதிரும். காய் பெருக்கும் சில வாரங்களில் வேர் கொடுக்கும் வேகம் போதாதபோது, அல்லது சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் வேர்வழி தடைபடும்போது கைகொடுப்பதற்குத்தான் இலைவழி. திருவள்ளூர், ஊத்துக்கோட்டைப் பக்கம் ஏக்கருக்கு 6 மீட்டர் இடைவெளியில் 112 மரம் வைத்திருப்பவருக்கு ஒரு தெளிப்புக்கு சுமார் 670 லிட்டரும் ஆறே முக்கால் கிலோ உரமும் ஆகும். ஆள்கூலி, பவர் ஸ்பிரேயர் வாடகை சேர்த்தால் உரத்தின் விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே மலிவான பாக்கெட்டைத் தேடுவதைவிட மூன்று தெளிப்பையும் சரியான வாரத்தில் முடிப்பதில்தான் பணம் இருக்கிறது. வாடகை ஸ்பிரேயரில் முந்தின நாள் களைக்கொல்லி அடித்திருக்கிறார்களா என்று கேட்டு, இருமுறை கழுவி வாங்க வேண்டும்.

அளவு மீறினாலும் கெடும். பொட்டாஷ் மிஞ்சிய காய் பெரிதாக இருக்கும், ஆனால் தோல் தடித்துச் சொரசொரக்கும், புளிப்பு ஏறும், நிறம் திரும்பத் தாமதமாகும். நார்த்தை ஊறுகாய்க்கு அது குறையே இல்லை. எலுமிச்சையில் மெல்லிய தோலும் சாறும் கேட்கும் வியாபாரி முகம் சுளிப்பார். சாத்துக்குடிக்குப் புளிப்பு ஏறுவது நேரடி நஷ்டம். அதற்கு இரண்டு தெளிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கிய பாக்கெட்டை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்க வேண்டும், கடற்காற்றில் ஒரே மாதத்தில் கல்லாகிவிடும். 13:0:45 வெடியுப்பு என்பதை மறக்காமல் கந்தகத் தூள், கரி, பூஜைக் கற்பூரம் இவற்றிடமிருந்து தள்ளி வைக்கவும்.

பலன் இருந்ததா என்று தெரிய ஒரு வழி: தெளிக்கும்போது ஒரு கிளையைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, தெளித்து முடித்ததும் எடுத்துவிட வேண்டும், மூன்று முறையும் அதே கிளைக்கு. தோட்டத்தில் என்றால் இரண்டு மரத்தை விட்டுவிடலாம். பறிப்பின்போது இரு பக்கமும் பத்துப் பத்துக் காய் எடுத்து எடை போட்டு, குறுக்கே வெட்டித் தோலை அளந்து, சாற்றைப் பிழிந்து குவளையில் பார்க்க வேண்டும். எடையில் வித்தியாசமே இல்லையென்றால் அடுத்த வருடம் பாக்கெட் வாங்க வேண்டாம், மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது.